பெயர் எழுதாத உறையில் தாலிடோமைடு

சில மாதங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் கணவருக்காக மாத்திரை வாங்க வந்திருந்தார். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். கவுண்டரில் இருந்த இளம் மருந்தாளுநர் சீட்டைப் படித்தார், மருந்தின் காலாவதித் தேதியைச் சரிபார்த்தார், அட்டையை எடுத்துக் கொடுத்து, "நைட் படுக்கப் போறப்ப ஒண்ணு" என்றார். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கூட வந்திருந்த மருமகள் மாமியார் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் கர்ப்பிணி என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

நான் வரிசையை விட்டு விலகி, வாசலில் அவர்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் வந்து நின்றேன். எனக்குப் புதிதாக மருந்தகப் பணிக்கு வரும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. வாசலில் நான் என்ன பேசினேன், ஏன் பேசினேன் என்பதை எழுதிவைத்தால் உங்களில் ஓரிருவருக்காவது பயன்படும்.

அந்த அட்டையில் இருந்தது தாலிடோமைடு. அந்தப் பெயரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மேல்நாடுகளில் தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை. அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கையும் காலும் முழுதாக வளராத குழந்தைகள் பிறந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் கடைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். அத்தோடு அதன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில ஆண்டுகளுக்குள், தூக்கம் வராமல் தவித்த தொழுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், தூக்கத்தோடு அவர்களுடைய கொப்புளங்களும் காய்ச்சலும் அடங்குவதைக் கண்டார். தொண்ணூறுகளின் கடைசியில் புற்றுநோய்க்கும் வந்தது. இன்று உங்கள் அலமாரியில் இருப்பது அதே மாத்திரைதான்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பூந்தமல்லியை ஒட்டிய ஒரு சிறிய தொழுநோய் மருத்துவமனையில் கழிந்தது. அங்கே மருந்தகப் பொறுப்பு என்னுடையது. நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. அதில் வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து வந்த பிறகு கிருமியைக் கொல்வது எங்களுக்குப் பெரிய வேலையாக இல்லை. கிருமி செத்த பிறகு வரும் தொல்லைதான் பெரிது. செத்த கிருமிகளின் மிச்சத்தோடு சிலருடைய உடம்பு சண்டைக்குப் போகும். தோலில் சிவந்த கட்டிகள் கிளம்பும், காய்ச்சல் கொதிக்கும், நரம்பு வீங்கும், கண் சிவக்கும். இதை நாங்கள் ரியாக்‌ஷன் என்போம். சேவியருக்கு வந்தது அதுதான்.

சேவியர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். வீடு ஆவடியில், சேக்காட்டில். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டினால் கட்டிகள் அடங்கும், குறைத்தால் திரும்ப வரும். இப்படியே மாதங்கள் ஓடின. ஸ்டீராய்டால் முகம் உப்பியது. "தெருவுல அல்லாரும் கன்னம் வச்சுட்டேன்றாங்க மேடம். பட்டறை முதலாளி மட்டும் இன்னாடா கை நடுங்குதுன்றாரு" என்பார். அவருக்கு என்ன வியாதி என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவியிடம் நரம்பு வலி என்று சொல்லியிருந்தார்.

எங்கள் டாக்டர் நிறைய யோசித்துவிட்டுத்தான் அவருக்குத் தாலிடோமைடு தொடங்கினார். வெளிநாட்டு நண்பர்கள் மூலம் கொஞ்சம் வந்திருந்தது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குக் கிடையாது என்பது விதி. ஆண்களுக்கும் அவர் அறைக்குள் உட்காரவைத்து நேருக்கு நேர் சொல்லித்தான் கொடுப்பார். கர்ப்பிணி கையில் இது படக்கூடாது, வேறு யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது. சேவியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதல் வாரத்திலேயே கட்டிகள் வாடின. அடுத்த முறை வந்தபோது என் கவுண்டர் பலகையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். அந்த விரல்களால் முன்பு சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எந்த மருந்தையும் பெயர் எழுதித் தருவதில்லை. பழுப்புக் காகித உறை. மேலே மருந்தின் பெயர் இருக்காது, மருத்துவமனையின் பெயரும் இருக்காது. பெயர் எழுதிய உறை வீட்டில் யார் கண்ணிலாவது பட்டு, அவர்கள் பக்கத்து மருந்துக்கடையில் காட்டி விசாரித்தால், ஒரே நாளில் வேலை போய்விடும், மனைவி தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படி நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் எழுதாத உறை எங்களுக்குப் பெருமையான விஷயம். வேறு ஊர்களிலிருந்து வரும் மருத்துவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லிக் காட்டுவோம். தாலிடோமைடும் அந்த உறையில்தான் போனது. அது வந்த பாட்டிலின் மேல் எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பாட்டில் டாக்டர் அறை அலமாரியிலேயே இருந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை சேவியர் வந்தார். வர வேண்டிய நாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

"இன்னா மேடம் மொறைக்கறீங்க? மாத்திர தீரப்போவுது."

"எப்படித் தீரும்?"

"மாமியா வந்துகீது. ராவெல்லாம் தூக்கமில்ல தூக்கமில்லன்னு ஒரே பொலம்பல். சரி, வயசானதுதானேன்னு ஒண்ணு குடுத்தேன். மறுநா விடிஞ்சு வெயில் வந்தப்பறம்தான் எந்திரிச்சுது. 'இன்னா மாத்திர மாப்ள, சொர்க்கம்'ன்னுச்சு. இப்ப அதுவே டப்பாவத் தொறந்து எடுத்துக்குது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"எந்த டப்பா?"

"பழைய பவுடர் டப்பா மேடம். அலமாரி மேல வச்சுகீறேன்."

"வீட்ல வேற யார் இருக்காங்க?"

"ஸ்டெல்லா, புள்ளைங்க ரெண்டு, மாமியா, மச்சினிச்சி."

"மச்சினிச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயி ஆறு மாசம். முழுகாம கீது. தண்ணி குடிச்சாலும் வாந்தி. அதுக்கோசரந்தான் அம்மாவும் பொண்ணும் திருவள்ளூர்லருந்து வந்து இங்க டேரா போட்டுகீறாங்க." அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. "நான் அதுக்குக் குடுக்கல மேடம். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் கீது."

"நீங்க குடுக்கல. உங்க மாமியார்?"

அவர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் வருவது கோபம். 'சொல்லித்தானே கொடுத்தோம்' என்று கேட்க வாய் துடிக்கும். கேட்காதீர்கள். கோபப்பட்டால் எதிரில் இருப்பவர் அடுத்த தகவலை ஒளித்துவிடுவார். அந்தத் தகவல்தான் உங்களுக்கு வேண்டும். சேவியரை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் முழுதும் கேட்டார். சேவியரைக் கூப்பிட்டு, வீட்டுக்கு யாராவது போய்க் கேட்டாக வேண்டும் என்றார். சேவியர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஊட்டுக்கு மட்டும் வாணாம் சார். நானே போயி கேக்கறேன்."

"உங்க மாமியார் உங்ககிட்ட உண்மையச் சொல்வாங்களா?"

"தெரியல சார். ஆனா இந்த ஆஸ்பத்திரி ஆளு வந்தா என் கதை முடிஞ்சுது. எங்க தெருவுல முன்னாடி ஒருத்தனுக்கு இப்பிடித்தான், சைக்கிள்ல பை மாட்டிகினு ஒரு ஆளு வந்தாரு. அடுத்த மாசம் அவன் அந்தத் தெருவுலயே இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சேவியர், உங்க வியாதிய வெளிய சொல்ல மாட்டோம்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். அந்த வயித்துக் குழந்தைக்கு நாம ஒரு வாக்கும் குடுக்கல. குடுக்காததுனால அது ரெண்டாம்பட்சமா?" என்றார். பிறகு என்னிடம், "நீங்க போங்க. கோட்டக் கழட்டிட்டுப் போங்க. வியாதி பேரு உங்க வாயிலருந்து வரக்கூடாது. மத்தபடி அங்க என்ன தோணுதோ அதச் செய்யுங்க."

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே போனோம். சேவியர் என் காதருகே குனிந்து ஒவ்வொரு யோசனையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"டி.பி. மாத்திரைன்னு சொல்லிடலாமா மேடம்?"

"உங்க தெருவுல யாருக்காவது டி.பி. இருந்து, ஒண்ணு குடுன்னு கேட்டா?"

கொஞ்ச தூரம் கழித்து, "விஷ மாத்திரைன்னு சொல்லிட்டா? எலி மருந்து மாரி."

"எலி மருந்த நீங்க தெனம் சாப்ட்டுத் தூங்கறத ஸ்டெல்லா பாத்திருக்காங்களே."

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் அதற்குள் மனத்தில் ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். முதலில் கேட்க வேண்டியது அந்தப் பெண் மாத்திரையை விழுங்கினாளா என்பது. அது தெரியும்வரை வேறு எதுவும் பேசக்கூடாது. எந்தப் பொய்யும் சொல்லப்போவதில்லை. மருந்தைப் பற்றி முழு உண்மை. நோயைப் பற்றி மௌனம். விழுங்கியிருந்தால் அடுத்து கருவைக் கலைப்பது பற்றிப் பேச வேண்டும், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகும் அந்த வீட்டில் அதை எப்படித் தொடங்குவது என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

வீட்டில் ஸ்டெல்லா தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மச்சினிச்சி பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை. வேலை நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு பெண்ணோடு வந்து நிற்பதைப் பார்த்து மெஷின் நின்றது.

"இவர் மருந்து வாங்கற எடத்துலருந்து வர்றேன். மருந்து எடுத்துக் குடுக்கறது நான்தான்" என்றேன். "இவருக்குக் குடுக்கற வெள்ள மாத்திர இவருக்கு மட்டும்தான். முழுகாம இருக்கறவங்க சாப்ட்டா, கொழந்தைக்குக் கை கால் வளராமப் போயிடும். பிலோமினாவுக்கு யாராவது குடுத்தீங்களா?"

மாமியார் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "நானுந்தான் சாப்ட்டேன். எனுக்கு இன்னா கொறஞ்சுபூட்ச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பொண்ணுக்குக் குடுத்தீங்களா?"

"ராவெல்லாம் கொமட்டிகினு கெடந்தா. பெத்தவ பாத்துகினு இருப்பாளா? முந்தாநேத்து ஒண்ணு, நேத்து ஒண்ணு குடுத்தேன். என் கண்ணெதிரே போட்டுகினா. அவளையே கேளு."

பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். "ஆமா, போட்டுகினேன்" என்றாள்.

சேவியர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு எதுவோ பொருந்தவில்லை. இந்த மாத்திரை ஒன்று போதும், அந்த அம்மாளை விடிந்து வெயில் வரும்வரை தூங்கவைத்தது. இந்தப் பெண்ணின் கண்கள் பல நாள் தூங்காத கண்கள்.

"போட்டப்பறம் தூக்கம் வந்துச்சா?"

பிலோமினா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துச்சு" என்றாள்.

"எங்க வந்துச்சு?" என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு ராவும் என் காதுல தேஞ்ச ரெக்கார்டு மாரி அவ மாமியா கதய ஓட்டிகினு இருந்தா."

குடும்பமே சுற்றி நிற்கும்போது நோயாளி சொல்வது நமக்கான பதிலாக இருக்காது. சுற்றி நிற்பவர்களுக்கான பதில் அது. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, அந்த வீட்டில்தான் கண்டேன். "கை கழுவணும், கொஞ்சம் கொழாய் காட்டும்மா" என்று பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். துவைக்கும் கல்லருகே நின்று குழாயைத் திறந்துவிட்டேன், பேச்சு உள்ளே கேட்காமலிருக்க.

"உங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன். முழுங்கினியா?"

அவள் புடவைத் தலைப்பைக் கசக்கினாள். "தண்ணியே நிக்க மாட்டேங்குது, மாத்திரய எங்க முழுங்கறது? நாக்குக்கு அடியில வச்சுகினு தண்ணி குடிச்சேன். அது அந்தாண்ட திரும்பினதும் இங்க வந்து துப்பிட்டேன். எங்கம்மா பச்சிலைன்னும் கஷாயம்னும் ஒண்ணொண்ணா வாயில ஊத்திகினே கீது. வாணாம்னா ஒப்பாரி வைக்கும்."

"எங்க துப்பினே?"

சுற்றுச்சுவரில் செங்கற்களுக்கு நடுவே ஒரு பிளவைக் காட்டினாள். கொண்டை ஊசியால் தோண்டினேன். ஒரு மாத்திரை ஓரம் மழுங்கி, ஏறக்குறைய முழுதாக வந்தது. இன்னொன்று ஈரத்தில் கரைந்து வெள்ளைக் களிம்பாக ஒட்டியிருந்தது. அது முழு மாத்திரையின் களிம்பா, அரை மாத்திரையின் களிம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. நாக்கின் அடியில் எவ்வளவு கரைந்தது என்பதும் தெரியாது. அவள் சொன்னதை நம்பினேன். ஆனால் நம்பிக்கை வேறு, நிச்சயம் வேறு.

உள்ளே வந்து மாமியாரிடம், "இனிமே டாக்டர் சொல்லாம எதையும் குடுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். பவுடர் டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சேவியர் மருத்துவமனைக்கு வந்து எங்கள் எதிரில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பது என் கணக்கு.

ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள்.

"அவருக்கு இன்னா வியாதி மேடம்?"

"அவரையே கேளும்மா."

"அவரு நரம்புன்னுவாரு. நரம்பு மாத்திர கொழந்தையோட கைய எடுக்குமா?"

"எனக்குச் சொல்ல உரிமையில்ல."

"என் தங்கச்சி வாய்க்குள்ள போன மாத்திர. கேக்க எனக்கு உரிமையில்லயா?"

சேவியரைப் பார்த்து, "இன்னிக்கே நீங்களே சொல்லிடுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சேவியர் வரவில்லை. அடுத்த நாள் வரவில்லை, அந்த வாரம் முழுக்க வரவில்லை. மாத்திரையை நிறுத்தினால் கட்டிகள் திரும்பும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு பக்கம் காப்பாற்றப்போய் மறுபக்கம் விட்டுவிட்டோமா என்று டாக்டரிடம் கேட்டேன். "விட்டிருக்கலாம். திரும்பவும் அதே எடத்துல நின்னா என்ன செய்வீங்க?" என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்றேன். "அப்ப காத்துக்கிட்டு இருங்க" என்றார்.

வந்தது ஸ்டெல்லா, தனியாக. கவுண்டர் முன்னால் நின்று, "படுத்துட்டாரு. ஒடம்பெல்லாம் கட்டி. தொட்டா சுடுது. மாத்திர குடுங்க" என்றாள்.

"சொன்னாரா?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே சொன்னாரு. சொல்லிட்டு மொவத்த மூடிகினாரு. இங்க வர மாட்டாராம். தெரு பாத்துடுமாம். குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"குடுக்க முடியாதும்மா."

"எனுக்குக் கொழந்த பொறக்காது மேடம். ஆபரேஷன் ஆயிட்ச்சு."

"பிலோமினா இன்னும் உங்க வீட்லதானே இருக்கா?"

அவள் முகம் இறுகியது. "அப்ப அவரு கெடந்து சாவட்டுமா?"

"அவரக் கூட்டிட்டு வாங்க. இங்க பெட் இருக்கு. நாங்களே குடுக்கறோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு இரண்டு மாத்திரை கொடுத்தால் என்ன என்று அதற்குள் பலமுறை தோன்றியது. இரக்கம் வரும் நேரத்தில்தான் விதி கனக்கும். அந்தக் கனத்தைத் தாங்குவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

மறுநாள் முற்பகல், ஓர் ஆட்டோ நேராக உள்ளே வந்து எங்கள் வாசற்படியில் நின்றது. நோயாளிகள் யாரும் அப்படி வந்திறங்கியதில்லை. சேவியர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை நோயைப் பற்றியதில்லை.

"தெருவே கேட்டுச்சு மேடம். ஆட்டோக்காரன் எங்கன்னு கேட்டான். இவ ஆஸ்பத்திரி பேர முழுசா, சத்தமா சொல்றா."

"பின்ன, காதுலயா சொல்லுவாங்க?" என்றாள் ஸ்டெல்லா. "வண்டி ஸ்டார்ட்டுல கீது. கத்தினாத்தான் அந்தாளுக்குக் கேக்கும். நட நீ."

அவர் நடந்தார்.

தெருவில் அதன் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில வீட்டார் ஸ்டெல்லாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவருக்கு வந்தது இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் பட்டறை முதலாளிக்கு விளக்க வேண்டியிருந்தது. மாமியார் விஷயம் தெரிந்ததும் பிலோமினாவை அழைத்துக்கொண்டு திருவள்ளூருக்கே போய்விட்டார். ஆனால் சேவியர் வேலையில் இருந்தார், வீட்டில் இருந்தார்.

எங்கள் வழக்கமும் மாறியது. மற்ற மருந்துகள் பழையபடி எழுதாத உறையில் போயின. தாலிடோமைடு மட்டும் அதன் எச்சரிக்கையோடுதான் போகும். வீட்டில் ஒருவரிடமாவது நோயாளியே உண்மையைச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வீட்டுக்குத் தருவோம். சொல்ல முடியாதவர்கள் எங்கள் வார்டில் தங்கிச் சாப்பிடலாம். இரண்டும் வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. அவர்கள் வலியோடு போனார்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை.

அம்பத்தூர் மருந்துக்கடை வாசலில் அந்த மாமியாரிடமும் மருமகளிடமும் நான் பேசியது இதன் சுருக்கம்தான். இது என்ன மருந்து, யார் தொடக்கூடாது, வீட்டில் எங்கே வைப்பது, மிஞ்சினால் யாரிடம் திருப்பித் தருவது. மாத்திரையைக் கொடுக்கும்போது அதை வாங்கும் கையை மட்டும் பார்க்காதீர்கள். அது போய்ச் சேரும் வீட்டை மனத்தில் ஒரு முறை சுற்றிவாருங்கள்.

பிலோமினாவை எங்கள் டாக்டர் தனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைய படம் உங்கள் காலத்துப் படம்போல் தெளிவாக இருக்காது. 'தெரிந்தவரையில் நன்றாக உள்ளது' என்று பதில் வந்தது. தெரிந்தவரையில் என்ற அந்தச் சொல்லோடுதான் நாங்கள் மிச்ச மாதங்களைக் கழித்தோம். சுவர்ப் பிளவில் இருந்த அந்தக் களிம்பு அடிக்கடி என் நினைவுக்கு வரும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சேவியரும் ஸ்டெல்லாவும் மருந்து வாங்க வந்தார்கள். அவர் டாக்டர் அறைக்குப் போனார். அவள் குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு என் கவுண்டருக்கு வந்தாள்.

"பிலோவுக்குப் பொறந்துட்ச்சு மேடம். முந்தாநேத்து."

நான் வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு கைகளையும் பலகைமேல் வைத்து விரல்களை அகல விரித்தாள்.

"அல்லாரும் ஆணா பொண்ணான்னு கேட்டுகினு இருந்தாங்க. நான் துணியப் பிரிச்சு எண்ணினேன். எங்கம்மா, 'இன்னாத்தடி எண்றே'ன்னுச்சு. பத்து மேடம். காலுலயும் பத்து."